பிக்கப் வண்டி இப்போது வேண்டாம், தம்பி

கேள்வி: அக்கா, தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். வயது 41. நான் 14 ஆண்டுகள் உழைத்த ஆடைத் தொழிற்சாலையில் ஆட்குறைப்பு செய்கிறார்கள். வாரச் சம்பளம் 1,600 ராண்ட். வருங்கால வைப்பு நிதியில், வேலை போனால் கையில் எடுக்கக்கூடிய, 2024 செப்டம்பருக்கு முன் சேர்ந்த பங்கு 1,80,000 ராண்ட். மனைவிக்கு மாதம் 8,500 வருகிறது, வீட்டுச் செலவு 13,500. மூன்று வாரப் பயிற்சி எடுத்து, 95,000 ராண்டுக்குப் பழைய பிக்கப் வாங்கி, சொந்தமாகச் சுவர்ப் பூச்சு வேலை தொடங்கலாமா? மகள் இந்த ஆண்டு மெட்ரிக் (12ஆம் வகுப்பு இறுதித் தேர்வு) எழுதுகிறாள்.

பதில்: தொழிலைப் பற்றிப் பேசுவதற்கு முன், தொழிற்சாலை உங்களிடம் நீட்டப்போகும் படிவத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதில் ‘ராஜினாமா’ என்று இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். ‘ஆட்குறைப்பு’ என்றே இருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு வாரச் சம்பளம் வீதம் குறைந்தது 22,400 ராண்ட் இழப்பீடு உங்களுக்குச் சேர வேண்டும். அதையும் வைப்பு நிதியையும் கூட்டினால் 2,02,400. இதற்கு முன் இப்படி மொத்தத் தொகை எதுவும் வாங்கியிராவிட்டால், 2023 மார்ச்சில் வந்த அட்டவணைப்படி 5,50,000 வரை வரியே கிடையாது. ராஜினாமா என்று பதிவானால் 27,500 மட்டுமே கழியும், மீதிக்கு 18 விழுக்காடு வரி. வைப்பு நிதிக்கு மட்டும் 27,450 ராண்ட் போய்விடும். உங்கள் இழப்பீட்டைவிட இது அதிகம்! வேலையின்மைக் காப்பீடும் ராஜினாமா செய்தவருக்குக் கிடையாது. உங்களுக்கு அது சம்பளத்தில் 38 முதல் 60 விழுக்காடு வரை சில மாதங்களுக்குக் கிடைக்கும். வேலை முடிந்த வாரமே விண்ணப்பியுங்கள்.

இனி தொழில். பூச்சு வேலை நல்ல வேலை, 41 வயது தாமதமும் இல்லை. ஆனால் மூன்று வாரத்தில் கரணை பிடிக்கத் தெரியும், வேகம் வராது. இந்த வேலையில் கூலி சதுர மீட்டர் கணக்கு என்பதால் வேகம்தான் வருமானம். எடுத்துக்காட்டாக, சதுர மீட்டருக்கு 70 ராண்ட் பேசி, முதல் ஆண்டில் நாளுக்குப் 10 சதுர மீட்டர் முடிப்பதாக வைத்துக்கொள்வோம். 700 வருகிறது. உதவியாளுக்கு 2025 மார்ச்சில் நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 28.79, எட்டு மணி நேரத்துக்கு 230. மிஞ்சுவது 470. மாதத்தில் 12 நாள் வேலை அமைந்தால் 5,640. உங்கள் வீட்டில் விழும் துண்டு மாதம் 5,000. போக்குவரத்தையும், வெடித்த சுவரைத் திரும்பப் பூசும் நாட்களையும் கழித்தால் ஒன்றும் நிற்காது. சிமெண்டு கூடினாலும், பூசிய சுவர் வெயிலில் சீக்கிரம் காய்ந்தாலும் வெடிக்கும். தொடக்கத்தில் எல்லோருக்கும் நடப்பதுதான்.

ஆகவே உங்களிடம் உள்ள பணம் கை பழகும் காலத்துக்கான சாப்பாட்டுப் பணம். 18 மாதத்துக்கு 90,000 ராண்டைத் தனிக் கணக்கில் போட்டு, மாதம் 5,000க்கு மேல் தொடாதீர்கள். காப்பீடு வரும் மாதங்களில் அதைவிடக் குறைவாகவே எடுங்கள். பயிற்சிக்கும் கரணை, மட்டப்பலகை, ரசமட்டத்துக்கும் இழப்பீட்டுத் தொகை போதும். எஞ்சிய 90,000ஐக் கையில் வாங்காமல் ஓய்வுப் பாதுகாப்பு நிதிக்கு மாற்றுங்கள், மாற்றுவதற்கு வரி இல்லை. பிக்கப் வாங்கினால் இந்த 18 மாதமும் அதற்குள் போய்விடும், பிறகு எண்ணெயும் டயரும் கேட்கும். மணலையும் சிமெண்டையும் கடைக்காரரே இறக்கித் தருவார். பொருளுக்கான பணத்தை, வேலை கொடுக்கும் வீட்டுக்காரரிடம் முன்பணமாகக் கேளுங்கள், தயங்க வேண்டாம். 50 கிலோ மூட்டைக்கு மூன்று தள்ளுவண்டி மணல் கலந்து, 15 மில்லிமீட்டர் கனத்தில் பூசினால், சேதாரம் போகச் சுமார் 10 சதுர மீட்டர் வரும். இந்தக் கணக்கில் தவறி விலை சொன்னால் நட்டம் உங்கள் பையிலிருந்துதான்.

பயிற்சி முடிந்ததும் தேர்ந்த பூச்சுக்காரர் ஒருவரிடம் கூலிக்குச் சேருங்கள். எந்த இடத்தில், எத்தனை நாள், யாரிடம் என்று எழுதிக் கையொப்பம் வாங்கி வையுங்கள். பின்னாளில் அனுபவத்தின் பேரில் தொழில் தேர்வு எழுத அந்தச் சான்றுகள் வேண்டும். தேறினால் ரெட் சீல் என்னும் தொழில் தகுதிச் சான்றிதழ் கிடைக்கும், பெரிய ஒப்பந்தக்காரர்கள் அதைத்தான் கேட்பார்கள்.

டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரித் தொடக்கம் வரை கட்டுமானத் தொழிலே மூடிக் கிடக்கும். டர்பனில் கோடை மழையும் அப்போதுதான் என்பதால் வெளிச்சுவர் வேலை நம்பகமில்லை. ஆகஸ்டிலிருந்தே அந்த மாதத்துக்கென்று எடுத்து வையுங்கள். மழை நாளில் ரைனோலைட் என்னும் ஜிப்சம் கலவையால் உட்பூச்சு செய்யலாம், அதையும் கற்றுக்கொள்ளுங்கள்.

மகளின் மேற்படிப்புக்காக இந்தப் பணத்தைப் பூட்டி வைக்க வேண்டாம். குடும்ப ஆண்டு வருமானம் 3,50,000 ராண்டுக்கு உட்பட்டவர்களுக்கு அரசின் என்எஸ்எஃப்ஏஎஸ் உதவித்தொகை உண்டு. மெட்ரிக் முடியும்வரை காத்திராமல் இந்த ஆண்டே அவள் விண்ணப்பிக்கட்டும்.