ஒரே சட்டைக்காரர்

அன்புள்ள அண்ணாச்சி,
என் மகன் பள்ளிக் கபடி அணியில் ஆடுகிறான். அங்கே கொடுத்தது பாலியஸ்டர் ஜெர்சி. நம்ம ஊர் வெயிலுக்குப் பருத்திதானே நல்லது? பிளாஸ்டிக்கைப் போர்த்திக்கொண்டு ஆடாதே, பருத்தி பனியன் போடு என்று தினமும் சண்டை. துவைத்தால் நுண்பிளாஸ்டிக் வேறு ஆற்றில் கலக்கிறதாம். நான் செய்வது சரிதானா?
வாசகர், பாளையங்கோட்டை

அன்புள்ள தம்பி,

போன வாரம்தான் பரணில் அப்பாவின் டெரிலின் சட்டை கிடைத்தது. டெரிலினும் பாலியஸ்டர்தான். காலரில் மஞ்சள் ஏறியிருக்கிறது, துணி நைந்துபோகவில்லை. அந்த நினைப்பிலேயே இருந்தபோது உங்கள் கடிதம் வந்தது.

அப்பா பத்திரம் எழுதுபவர். சேரன்மகாதேவியிலிருந்து தினமும் திருநெல்வேலிக்கு பஸ். வெளியே போட்டுப்போக ஒரே சட்டை. ராத்திரி அம்மா அதை அலசித் தாழ்வாரக் கொடியில் போடுவாள். ஐப்பசி அடைமழையிலும் விடியும்போது காய்ந்திருக்கும், இஸ்திரியும் வேண்டாம். பருத்தி என்றால் காலரிலும் தோள் தையலிலும் ஈரம் நிற்கும். ‘பிளாஸ்டிக்’ என்று சுலபமாக எழுதிவிட்டீர்கள். பீரோவில் மாற்றுச் சட்டை இருக்கிறவர் பேசுகிற பேச்சு அது. எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை.

1941இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டும் டிக்சனும் உருவாக்கிய அந்த இழை தண்ணீர் குடிக்காது. சாதாரணக் காற்றில் பருத்தி தன் எடையில் ஏழெட்டு சதவீதம் ஈரத்தை வைத்திருக்கும். பாலியஸ்டர் அரை சதவீதம்கூட வைத்திருக்காது. அப்பாவைப் படுத்தியதும் அதே குணம்தான். மத்தியான பஸ்ஸில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும், வியர்வை உள்ளேயே வழியும்.

அந்தக் குறையைப் போக்க இழையின் உருவத்தை மாற்றினார்கள். சாதாரண இழையைக் குறுக்கே வெட்டினால் வட்டமாக இருக்கும். 1986இல் டூபாண்ட் கொண்டுவந்த கூல்மேக்ஸ் இழையில் நீளவாக்கில் பள்ளங்கள். வயல் வாய்க்காலில் தண்ணீர் போகிற மாதிரி வியர்வை அந்தப் பள்ளங்கள் வழியே வெளிப்பக்கம் பரவிக் காய்ந்துவிடும். எல்லா ஜெர்சியும் இப்படி இருக்காது. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்தாக நின்றால் வேண்டாம், பரவினால் வாங்கலாம். துவைத்தபின் துணியை மென்மையாக்கும் வாசனைத் திரவத்தில் முக்காதீர்கள், அது இழையில் படிந்து வேலையைக் கெடுக்கும்.

துவைத்தால் இழை உதிர்வது உண்மை. பையன் ஒருவனின் ஜெர்சியைப் பிடுங்கினால் தாமிரபரணி தெளிந்துவிடாது.

ஜெர்சியோடு அடுப்படிக்கோ வெடி போடவோ மட்டும் விடாதீர்கள், தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டும். பருத்தி பனியனை ராத்திரி படுக்கும்போது போடட்டும். ஆட்டத்துக்கு அவன் கேட்டதைக் கொடுங்கள், தம்பி.