கேள்வி பதில்: பல் கிளினிக்கும் மருந்துக்கு மசியாத கிருமிகளும்

கிளினிக்கை மூடிவிட்டுக் கோப்பியோடு உட்கார்ந்திருக்கிறேன். கேள்விகள் குவிந்திருக்கின்றன, ஒவ்வொன்றாக வருகிறேன்.

ஈசூன் வாசகர்: கடைவாய்ப் பல் வலி. போன வருடம் ஊரில் வாங்கிய அமோக்சிசிலின் ஆன்டிபயாட்டிக் மாத்திரை பாதி அட்டை இருக்கிறது. போடலாமா?

போடாதீர்கள். பல்லின் நரம்பு வீங்கி வலிக்கும்போது ஆன்டிபயாட்டிக் அந்த வலியைக் குறைக்காது. பல்லைத் திறந்து சுத்தம் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் பிடுங்க வேண்டும். முகம் வீங்கிக் காய்ச்சலும் இருந்தால் கதை வேறு, அன்றைக்கே வாருங்கள். விழுங்கவோ மூச்சு விடவோ சிரமம் என்றால் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். சிங்கப்பூரில் மருத்துவர் சீட்டு இல்லாமல் இந்த மாத்திரை கிடைக்காததற்குக் காரணம் இருக்கிறது.

கிளினிக் உதவியாளர், செங்காங்: ஒவ்வொரு நோயாளிக்கும் கையுறை மாற்றுகிறேன் டாக்டர். அப்புறம் எதற்குக் கை கழுவணும்?

கையுறையில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழும்மா. கழற்றும்போது அதன் வெளிப்பக்கம் மணிக்கட்டில் உரசும். கழற்றியதும் ஆல்கஹால் திரவத்தை 20 முதல் 30 விநாடி தேய்க்க வேண்டும். அழுக்கோ ரத்தமோ தெரிந்தால் சோப்பும் தண்ணீரும்தான். மெத்திசிலின் என்ற ஆன்டிபயாட்டிக் புழக்கத்துக்கு வந்தது 1959இல். 1961இலேயே அதற்கு மசியாத எம்ஆர்எஸ்ஏ என்ற, கையால் பரவும் கிருமி பிரிட்டனில் தென்பட்டுவிட்டது. மருந்துக்கு எதிராக அது கற்ற அந்த வித்தை ஆல்கஹாலிடம் பலிக்காது.

தெம்பனிஸ் வாசகி: பல் நாற்காலியில் வாயில் பீய்ச்சும் தண்ணீர் சுத்தமானதா?

இதை யாராவது கேட்க மாட்டார்களா என்று இருந்தேன். வெளியிலிருந்து வரும் குழாய்த் தண்ணீரில் குறையில்லை. நாற்காலிக்குள் ஓடும் ஒல்லிக் குழாயில்தான் வினை. இரவெல்லாம் தண்ணீர் அசையாமல் நிற்கும், உள்சுவரில் கிருமிப் படலம் படியும். பழைய குழாய் ஒன்றை மாற்றியபோது பிளேடால் நீளவாக்கில் கிழித்துப் பார்த்தேன். விரலை வைத்தால் நறுக்கிய வெண்டைக்காய் போல வழவழப்பு! இத்தாலியில் 2011இல் 82 வயது மூதாட்டி ஒருவர் லெஜியோனெல்லா என்ற, தண்ணீரில் வளரும் கிருமியால் வந்த நிமோனியாவில் இறந்தார். அவர் போய்வந்த பல் கிளினிக்கின் நாற்காலித் தண்ணீரில் அதே கிருமி இருந்தது. ஒரு மில்லிலிட்டரில் 500 கிருமித் திரளுக்கு மேல் போகக்கூடாது என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் கணக்கு. ஒவ்வொரு நோயாளிக்கும் இடையே 20, 30 விநாடி ஓடவிடுகிறோம். ஆனால் ஓடவிடுவதால் மட்டும் படலம் போகாது, மருந்து கலந்துதான் தீர வேண்டும்.

புக்கிட் பாத்தோக்: ஆட்டோகிளேவ் (கருவிகளை நீராவியில் கிருமி நீக்கும் இயந்திரம்) பையில் நிறம் மாறினால் கிருமி செத்ததுதானே?

இல்லை. பை சூட்டைப் பார்த்தது என்றுதான் அர்த்தம். 134 டிகிரியில் 3 நிமிடம் உண்மையிலேயே நின்றதா என்பதை இயந்திரத்தின் பதிவு சொல்லும். கிருமி செத்ததா என்பதை, சூட்டில் எளிதில் சாகாத கிருமி வித்துகளை உள்ளே வைத்துப் பார்க்கும் ஸ்போர் சோதனைதான் சொல்லும்.

ஓய்வுபெற்ற மருந்தாளர், பிடோக்: மாத்திரையை முழுசாக முடிக்க வேண்டும் என்று முப்பது வருடம் சொல்லி அனுப்பினேன். என் மகளுக்கு அவள் பல் மருத்துவர் மூன்று நாள் போதும் என்கிறாராம். என்ன கூத்து இது?

கூத்து இல்லை ஐயா. பல் தொற்றுக்கு அறிகுறி அடங்கி 24 மணி நேரம் ஆனதும் நிறுத்தலாம் என்று அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2019இல் சொல்லிவிட்டது.

மீண்டும் பிடோக்: கிருமி மருந்துக்குப் பழகிவிடும் என்று, பென்சிலினைக் கண்டுபிடித்த ஃபிளெமிங் 1945இல் நோபல் உரையிலேயே எச்சரித்தாரே!

எச்சரித்தார். ஆனால் அவர் பயந்தது அளவு போதாத பென்சிலினைப் பார்த்து. நாள் குறைவதைப் பற்றி அல்ல. மாத்திரை நீள நீள, தொற்றுக்குச் சம்பந்தமில்லாமல் குடலிலும் தோலிலும் இருக்கும் கிருமிகளும் மருந்துக்கு மசியாமல் இருக்கப் பாடம் படிக்கின்றன. காசநோய் போன்றவற்றுக்கு இந்தக் கதை செல்லாது, அங்கே நீங்கள் சொன்னதே சட்டம்.

ஜூரோங்: அப்போ நானே நிறுத்திக்கலாம்?

கூடாது! எழுதிக் கொடுத்தவருக்கு ஃபோன் போட்டுக் கேளுங்கள். பிடோக் ஐயாவின் பயம் நியாயமாவது இப்படித் தாங்களாகவே நிறுத்துபவர்களால்தான்.

உட்லண்ட்ஸ்: இதய வால்வு மாற்றியவர் பல் பிடுங்குமுன் ஆன்டிபயாட்டிக் மாத்திரை போட வேண்டுமா?

ஆம், ஒரே ஒரு வேளை மட்டும். இதய மருத்துவரின் குறிப்பைக் கையோடு கொண்டு வாருங்கள்.

அங் மோ கியோ: பல் வெள்ளையாக...

வேறொரு நாள்.

பொங்கோல்: பல்வலி. மாமியார் சென்னையிலிருந்து அமோக்சிசிலின் கொண்டு வந்திருக்கிறார்...

முதல் கேள்வியைப் படியுங்கள். மாமியாரிடம் முறுக்கை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.