பத்து நாள் காதலும் ஆகஸ்ட் மாதச் சூறாவளியும்

கேள்வி: விடுமுறையில் படிக்கலாமே என்று ஒரு காதல் நாவல் வாங்கினேன். கதை நம் மொரிஷியஸில் நடக்கிறது, அட்டையில் லெ மோர்ன் மலை வேறு. லண்டனிலிருந்து பத்து நாள் வந்து தங்கும் பெண்ணுக்கும் இங்கே ஹோட்டல் வைத்திருக்கும் பணக்காரனுக்கும் காதல். ஆகஸ்டில் சூறாவளி அடிக்கிறது. அதற்கு நடுவே அவன் பிளேசான்ஸ் விமான நிலையத்துக்குக் காரில் பறந்துபோய் அவளைத் தடுத்து நிறுத்துகிறான். நம்மவர் என்று வருவது ஒரு வெயிட்டர் மட்டும். படித்து முடித்ததும் ஏமாற்றமாக இருந்தது. “பொழுதுபோக்குப் புத்தகத்தில் போய் என்ன எதிர்பார்த்தாய்?” என்கிறார் அண்ணி. இனி இந்த மாதிரி நாவல்களையே தொடக்கூடாதா?
– வாசகி, ரோஸ் ஹில்

பதில்: தாராளமாகத் தொடுங்கள். உங்கள் அண்ணி சொல்வதை நான் ஏற்கவில்லை. பொழுதுபோக்குக்காகப் படிக்கிறவருக்கும் நல்ல கதை கேட்கும் உரிமை உண்டு. கடைசியில் இருவரும் சேர்ந்துவிடுவார்கள் என்று தெரிந்துதான் இந்த வகை நாவலை எல்லோரும் கையில் எடுக்கிறோம். முடிவு முன்பே தெரிவதில் ஒரு குறையும் இல்லை. எப்படிச் சேரப்போகிறார்களோ என்ற தவிப்பு இருக்கவேண்டும். உங்களுக்குக் கிடைக்காமல் போனது அந்தத் தவிப்புதான்.

விடுமுறைக் காதலின் உயிர் அவள் கைப்பையில் இருக்கும் திரும்பும் டிக்கெட்டில் இருக்கிறது. நாள் குறைந்துகொண்டே வரும், இவர்களுக்கோ பேச வேண்டியது கூடிக்கொண்டே போகும். உங்கள் நாவலின் நாயகனுக்கு அந்தக் கவலையே இல்லை. நினைத்தால் அடுத்த விமானத்தில் லண்டன் போய்விடுவான். லீவு கேட்க முதலாளி இல்லை, மாற்ற முடியாத ஷிஃப்ட் இல்லை, “யாருடா அந்தப் பெண்?” என்று கேட்க அம்மா இல்லை. இழக்க எதுவுமே இல்லாத இரண்டு பேர் சேர்ந்தால் என்ன, பிரிந்தால் என்ன? கதையில் பதற்றம் வரவில்லை என்று ஆசிரியருக்கே தெரிந்திருக்க வேண்டும். அதனால்தான் சூறாவளியைக் கூப்பிட்டிருக்கிறார்.

அதையும் தவறான மாதத்தில் கூப்பிட்டிருக்கிறார். நமக்குச் சூறாவளிக் காலம் நவம்பரில் தொடங்கி மே நடுவில் முடிகிறது. ஆகஸ்ட் குளிர்காலம். கியூர்பிப்பில் தூறலுக்கு நடுவே ஸ்வெட்டரோடு நடக்கிற மாதம். அப்புறம், சூறாவளி எச்சரிக்கை கிளாஸ் 3 என்று ரேடியோ சொன்னால் இங்கே என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். கடைகளை மூடுவார்கள், எல்லோரும் வீட்டுக்கு ஓடுவார்கள், வாளி வாளியாகத் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு மெழுகுவத்தி தேடுவார்கள். கிளாஸ் 4 என்றால் மணிக்கு 120 கிலோமீட்டர் காற்று. யாரும் வாசலைத் தாண்டக்கூடாது, விமானமும் கிளம்பாது. அவன் ஓடிப்போய் நிறுத்தவேண்டிய விமானமே அங்கே இல்லை. அந்த இரவு அவளும் அவனும் அவன் அம்மாவோடும் பாட்டியோடும் கரண்ட் இல்லாத ஒரு வீட்டில் அடைபட்டிருந்தால், நான் விடிய விடிய படித்திருப்பேன்.

இந்தத் தீவின் புகழ்பெற்ற காதல் கதை 1788இல் வந்தது. ‘போல் எ விர்ஜினி’. எழுதிய பெர்னார்தன் த சான் பியெர் இங்கே பொறியாளராக இருந்தவர். அதில் உடையும் சான் ஜெரான் கப்பல் உண்மையிலேயே 1744 ஆகஸ்டில் நம் வடகிழக்குக் கரைக்கு அருகே பவளப்பாறையில் மோதி உடைந்தது. நாவலில் அவர் அதை டிசம்பருக்குக் கொண்டுபோனார், புயல் அடிக்கிற மாதத்துக்கு. பிரான்ஸிலிருந்து திரும்பும் விர்ஜினி கப்பலில் நிற்கிறாள், போல் கரையில் நிற்கிறான், நடுவில் கடல் கொந்தளிக்கிறது. அடிமைகளை அந்தக் கதை காட்டும் விதத்தில் எனக்கு மனத்தாங்கல் உண்டு. ஆனாலும் காற்றையும் கடலையும் அறிந்தவர் எழுதியது என்பதால் அந்தக் காட்சியில் நெஞ்சு அடைக்கிறது.

நீங்கள் வாங்கிய நாவலை நான் படிக்கவில்லை. நீங்கள் எழுதியதில் என்னை அதிகம் வருத்தியது அந்த வெயிட்டர்தான். கதை அவனிடம் இருக்கிறது. தைப்பூசக் காவடிக்குப் பத்து நாள் விரதம் இருக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே பத்து நாள்தான் அவள் விடுமுறையும். பகலெல்லாம் விருந்தாளிகளுக்கு இறைச்சியும் ஒயினும் பரிமாறிவிட்டு, இரவு வீட்டுக்குப் போய் சைவச் சாப்பாடு. கடற்கரைக்கு வா என்று அவள் கூப்பிட்டால் மறுக்கிறான், ஏன் என்று சொல்ல நாக்கு எழவில்லை. சக வேலைக்காரன் ஒருவன் சொல்லித்தான் அவளுக்குத் தெரிகிறது. காவடி எடுக்கும் நாளில் அவளுக்கு விமானம். கொதிக்கிற தார்ச்சாலையில் அவன் வெறுங்காலோடு வருவதைப் பார்க்க நிற்பதா, டாக்ஸியில் ஏறுவதா? வேண்டுமானால் சூறாவளியையும் வைத்துக்கொள்ளலாம், தைப்பூசம் அந்தப் பருவத்தில்தான் வருகிறது. கோடீஸ்வரன் யாரும் தேவையில்லை.

அடுத்த முறை புத்தகக் கடையில் அட்டையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நின்றபடியே நடுவில் நாலைந்து பக்கம் படியுங்கள். அவனுக்கு ஒரு வேலையும் வீட்டில் நாலு பேரும் இருக்கிறார்களா, ஹோட்டல் கேட்டுக்கு வெளியே அவள் ஒரு தடவையாவது காலெடுத்து வைக்கிறாளா என்று பாருங்கள். இல்லையென்றால் அலமாரியிலேயே வைத்துவிடுங்கள்.