1,40,000 ரூபாய் கம்ப்யூட்டர்: பாட்டுப் பதிவுக்காகக் கடன் வாங்கலாமா?

கேள்வி: திருமங்கலத்தில் இருக்கிறேன், வயது 34. அச்சகத்தில் வேலை, மாதம் 24,000 ரூபாய் கைக்கு வருகிறது. ராத்திரியில் வீட்டில் ஆட்டோ விளம்பரத்துக்குக் குரல் கொடுப்பேன், முளைப்பாரி, அம்மன் பாட்டெல்லாம் பதிவு செய்து தருவேன். பங்குனியிலிருந்து ஆடி வரை இதில் மாதம் 12,000 கிடைக்கும். ஐப்பசி, கார்த்திகையில் 2,000 வந்தாலே பெரிசு. பழைய லேப்டாப்பில் (ஐ5 ஏழாவது ஜெனரேஷன், 8 ஜிபி ராம், ஹார்டு டிஸ்க்) பாட்டு 'பட் பட்' என்று வெட்டுகிறது. மதுரையில் ஒரு கடையில் 1,40,000-க்கு கொட்டேஷன் கொடுத்திருக்கிறார்கள். 40,000 முன்பணம், மீதி ஒரு லட்சத்துக்கு 12% வட்டி, 24 தவணை, மாதம் 5,167. என் கையில் 70,000 இருக்கிறது, வேறு சேமிப்பு இல்லை. தவணையில் எடுக்கவா, மனைவியின் நகையை வைத்து மொத்தமாகக் கட்டிவிடவா?

பதில்: இரண்டும் வேண்டாம். நீங்கள் அனுப்பிய கொட்டேஷனில் தனி கிராபிக்ஸ் கார்டு 32,000, லிக்விட் கூலர் 9,000, ஆறு ஃபேன் வைத்த கண்ணாடி கேபினட் 8,000, 27 இன்ச் கேமிங் மானிட்டர் 18,000. ஆக 67,000 ரூபாய்க்கு கேம் விளையாடுகிறவருக்கான சாமான் போட்டிருக்கிறார்கள். பாட்டுப் பதிவுக்கு முதலில் வேண்டிய ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைத்து ஒலியை டிஜிட்டலாக்கும் பெட்டி) அந்தத் தாளில் இல்லவே இல்லை! கடைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். 'நல்ல கம்ப்யூட்டர்' என்று கேட்டால் இப்போதெல்லாம் கேமிங் கம்ப்யூட்டர்தான் வரும்.

வட்டியைப் பார்ப்போம். அவர்கள் சொல்லும் 12% ஃபிளாட் வட்டி. நீங்கள் மாதாமாதம் அசலைக் கட்டிக் குறைத்துக்கொண்டே வந்தாலும், கடைசி மாதம் வரை முழு ஒரு லட்சத்துக்கும் வட்டி ஓடும். இரண்டு வருஷத்துக்கு 24,000 ரூபாய். குறையும் அசலுக்குக் கணக்குப் போட்டால் இது ஆண்டுக்குச் சுமார் 21.5%. வங்கியில் தனிநபர் கடனுக்குச் சொல்லும் வட்டியோடு ஒப்பிடுவதாக இருந்தால் இந்த எண்ணைத்தான் ஒப்பிட வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல், 2,000 ரூபாய் வரும் ஐப்பசியிலும் 5,167 கட்டியாக வேண்டும். சம்பளத்தில் கை வைக்காமல் அது முடியாது.

வங்கி நகைக்கடனில் வட்டி பொதுவாக இதைவிடக் குறைவாக இருக்கும், சீசனில் பணம் வரும்போது மொத்தமாகத் திருப்பவும் செய்யலாம். அந்த வகையில் உங்கள் வருமானத்துக்கு அதுவே பொருந்தும். ஆனால் கம்ப்யூட்டருக்கு வருமான வரிச் சட்டமே ஆண்டுக்கு 40% தேய்மானம் அனுமதிக்கிறது. அவ்வளவு வேகமாக மதிப்பு இறங்கும் பொருளுக்காகத் தங்கத்தை அடகு வைக்காதீர்கள்.

இனி அந்த வெட்டு. பதிவு மென்பொருளில் பஃபர் என்று ஒரு செட்டிங் உண்டு; ஒலியை எவ்வளவு பெரிய துண்டாக ப்ராசசருக்குக் கொடுப்பது என்பதுதான் அது. 48 கிலோஹெர்ட்ஸில் (விநாடிக்கு 48,000 சாம்பிள்) பஃபர் 128 சாம்பிள் என்று வைத்தால், ஒவ்வொரு 2.7 மில்லி செகண்டுக்குள்ளும் ப்ராசசர் எல்லா ட்ராக்கையும் எஃபெக்டையும் கணக்கிட்டு முடிக்க வேண்டும். முடியாத இடத்தில் 'பட்' என்று விழும். பஃபரை 1024-க்கு ஏற்றிப் பாருங்கள், 21 மில்லி செகண்ட் கிடைக்கும். வெட்டு நின்றால் ப்ராசசருக்கு மூச்சு வாங்குகிறது என்று அர்த்தம். நிற்கவில்லை, ஆனால் ப்ராசசர் மீட்டர் 30 சதவீதத்திலேயே இருக்கிறது என்றால் குற்றவாளி பெரும்பாலும் டிரைவர் (கம்ப்யூட்டரின் ஒவ்வொரு பாகத்தையும் இயக்கும் சின்ன மென்பொருள்). வைஃபை, புளூடூத் இரண்டையும் அணைத்து, பவர் பிளானை 'ஹை பெர்ஃபார்மன்ஸ்' ஆக்கிவிட்டு மறுபடி பாருங்கள். லேட்டன்சிமான் என்ற இலவச மென்பொருள் எந்த டிரைவர் இடறுகிறது என்று பெயரோடு காட்டும். லேப்டாப்பைத் திறந்து தூசி தட்டி, தெர்மல் பேஸ்ட் மாற்றவும் சொல்லுங்கள். சூடேறினால் ப்ராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். சித்திரை வெயிலில் இது நிச்சயம் நடக்கும்.

ஹார்டு டிஸ்க்கைப் பலர் தேவையில்லாமல் சந்தேகிப்பார்கள். 24 பிட் தரத்தில் ஒரு மோனோ ட்ராக் நிமிடத்துக்கு 8.64 எம்பிதான் பிடிக்கும். எட்டு ட்ராக், ஐந்து நிமிடப் பாட்டு என்றாலும் 350 எம்பிக்குள். பதிவதற்கு அது தாங்கும். டோலக், தபேலா சாம்பிள்களை (முன்பே பதிந்து வைத்த வாத்திய ஒலிகளை) லோடு செய்யும்போதுதான் தவிக்கும். அதற்கு ஒரு எஸ்எஸ்டி (ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் வேகமான சேமிப்பு) போதும்.

ஆகவே முதலில் 24,000 மட்டும் செலவழியுங்கள். இரண்டு இன்புட் உள்ள இன்டர்ஃபேஸுக்கு 10,000, டைனமிக் மைக்குக்கு 6,000, காதை மூடும் ஹெட்போனுக்கு 3,500, ஸ்டாண்டுக்கும் எக்ஸ்எல்ஆர் (மைக்) கேபிளுக்கும் 1,500, லேப்டாப்புக்கு எஸ்எஸ்டி 3,000 என்று ஒதுக்குங்கள். தவணையில் வட்டியாகப் போகவிருந்த அதே தொகை! இன்டர்ஃபேஸில் 'டைரக்ட் மானிட்டர்' பட்டன் இருக்கிறதா, சொந்த ஆசியோ டிரைவர் (விண்டோஸில் ஒலித் தாமதத்தைக் குறைப்பது) வருகிறதா என்று கேட்டு வாங்குங்கள். டைரக்ட் மானிட்டரில் பாடுகிறவர் தன் குரலைத் தாமதமில்லாமல் கேட்பார். பஃபரை ஏற்றினால் கம்ப்யூட்டர் வழியாகக் கேட்கும் குரல் தாமதமாகும்; இதில் அந்தக் கவலை இல்லாததால் பஃபர் 1024-லேயே இருக்கலாம், பழைய லேப்டாப்பே குரல் வேலையை முடித்துவிடும். கன்டென்சர் மைக் ஆசை இப்போது வேண்டாம். ஒலித் தடுப்பு செய்யாத சாதாரண அறையில் அது மின்விசிறி, பக்கத்து வீட்டு மிக்ஸி, தெருநாய் எல்லாவற்றையும் சேர்த்து வாங்கும். உறுமி, பறை மாதிரி சத்தமான வாத்தியத்துக்கும் டைனமிக்கே தோது.

மீதி 46,000. அதைத் தொடாமல், பங்குனி முதல் ஆடி வரை மாதம் 8,000 தனியாக எடுத்து வையுங்கள். ஆடி முடிவில் 86,000 இருக்கும். அப்போது 58,000-க்குள் ஒரு டெஸ்க்டாப் போட்டால், 28,000 அவசரத்துக்கு மிஞ்சும்.

அந்த டெஸ்க்டாப்புக்கு ஆறு கோர் ப்ராசசர் போதும், ஆனால் கிராபிக்ஸ் உள்ளேயே இருக்க வேண்டும். இன்டெலில் எண்ணுக்குப் பின்னால் 'எஃப்' என்று முடிந்தால் உள் கிராபிக்ஸ் கிடையாது. ஆயிரம் ரூபாய் மிச்சம் என்று அதை வாங்கிவிட்டு, பிறகு தனி கார்டு வாங்க ஓடுவார்கள். ராம் ஒரே 16 ஜிபி குச்சியாக வேண்டாம், இரண்டு 8 ஜிபியாகப் போடுங்கள். ராமுக்கும் ப்ராசசருக்கும் இடையே உள்ள இரண்டு பாதையிலும் (சேனல்) வேலை நடக்கும். ராம் விலை நிலையாக நிற்பதில்லை, வாங்கும் வாரத்தில் புதுக் கொட்டேஷன் கேளுங்கள். பவர் சப்ளை 550 வாட், 80 பிளஸ் பிரான்ஸ் (மின் சிக்கனச் சான்று) முத்திரையோடு; கேபினட்டோடு இலவசமாக வருவது வேண்டாம். சின்ன ஃபேன் ஆறு வேகமாகச் சுற்றுவதைவிட, பெரிய ஏர் கூலர் ஒன்று மெதுவாகச் சுற்றினால் சத்தம் குறைவு. மைக்குக்கு வேண்டியது அதுதான். இன்டர்ஃபேஸை யுஎஸ்பி ஹப்பில் மாட்டாமல், பின்பக்கம் மதர்போர்டிலேயே மாட்டுங்கள்.

அலுவலகத்தில் ஓடி, சரிபார்த்து மறுபடி விற்கும் ரீஃபர்பிஷ்டு டெஸ்க்டாப்பும் மோசமில்லை. எட்டாவது ஜெனரேஷனுக்குக் கீழே மட்டும் போகாதீர்கள். விண்டோஸ் 11 அதற்குக் கீழே உள்ள இன்டெலை, ஒருசிலவற்றைத் தவிர, ஏற்பதில்லை, விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு (பாதுகாப்பு அப்டேட்) 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. உங்கள் லேப்டாப்பும் இந்தக் கோட்டுக்குக் கீழேதான் இருக்கிறது. பதிவு நேரத்தில் அதை இன்டர்நெட்டில் இணைக்காதீர்கள்.

'பில் போட்டால் வரி மிச்சம்' என்று கடையில் சொன்னால் நம்ப வேண்டாம். உங்கள் வருமானத்துக்கு புதிய வரி முறையில் வரியே வராது. சேவைக்கு ஆண்டு வரவு 20 லட்சம் தாண்டாதவரை ஜிஎஸ்டி பதிவும் கட்டாயமில்லை. ஜிஎஸ்டி பதிவு இல்லாவிட்டால் கம்ப்யூட்டருக்குக் கட்டும் 18% வரி திரும்பி வராது. ஆனாலும் பில் வேண்டும். ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணும் பில்லில் இருந்தால்தான் வாரண்டி கேட்கும்போது வாக்குவாதம் வராது.

மைக் வாங்குவதற்கு முன் ஒரு எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள். ஹெட்போனில் 'ம்ம்ம்' என்று கேட்டு, லேப்டாப்பின் உலோகப் பகுதியைத் தொட்டால் குறைகிறதென்றால் எர்த் சரியில்லை. சார்ஜரைப் பிடுங்கி பேட்டரியில் ஓட்டும்போது நின்றால் எர்த்தோ சார்ஜரோ காரணம். வீட்டு இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவ் (மின்சாரத்தைச் சீரான அலையாகத் தராத வகை) என்றால் கரண்ட் போன நேரத்தில் பதிவு செய்யாதீர்கள். அந்த இரைச்சல் ட்ராக்கில் ஏறினால் எந்த மென்பொருளாலும் முழுசாக எடுக்க முடியாது.