அமெரிக்க அரசுப் பல்கலைக்கழகத்தில் மெரிட் ஸ்காலர்ஷிப்: ஹெச்-4 பிள்ளைக்கு எது கிடைக்கும்?

தம்பி, மகள் ஊரில் பத்தாவது முடித்துவிட்டு இங்கே 11ஆம் வகுப்பில் சேர்ந்திருக்கிறாள், அவளுக்கு ஹெச்-4 விசா (ஹெச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்கானது), அரசுப் பல்கலைக்கழகத்தில் மெரிட் ஸ்காலர்ஷிப்பை, அதாவது படிப்புத் திறமைக்காகத் தரும் உதவித்தொகையை, யார், எதை வைத்துக் கொடுக்கிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள்.

நம்ம ஊர் மாதிரி கட்-ஆஃப் போட்டு ஒரே தரவரிசைப் பட்டியல் விடும் வழக்கம் இங்கே இல்லை. பணம் நான்கு இடத்திலிருந்து வருகிறது: மாநில அரசு, பல்கலைக்கழக அட்மிஷன் அலுவலகம், படிக்கும் துறை, நன்கொடையாளர்கள் வைத்துவிட்டுப் போன நிதி. விசா குறுக்கே நிற்குமா என்பது பணம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தது.

மாநில அரசுப் பணத்தை முதலிலேயே கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். ஜார்ஜியாவில் 1993 முதல் இருக்கும் ஹோப் ஸ்காலர்ஷிப்புக்கு ஜி.பி.ஏ. (4க்குக் கணக்கிடும் சராசரி கிரேடு) 3.0 வேண்டும். ஃப்ளோரிடாவின் பிரைட் ஃப்யூச்சர்ஸ் ஸ்காலர்ஷிப்பின் உயர்ந்த பிரிவுக்கு 3.5 ஜி.பி.ஏ.யும் 100 மணி நேர சேவையும் கேட்பார்கள். இரண்டுமே லாட்டரி வருமானத்தில் நடப்பவை, இரண்டுக்குமே குடியுரிமையோ க்ரீன் கார்டோ அதற்கு இணையான தகுதியோ வேண்டும். ஹெச்-4 பொதுவாக அந்தப் பட்டியலில் வராது. தகுதி உண்டா என்று கேட்காமல் மகளை 100 மணி நேரம் ஓடவிடாதீர்கள்.

அட்மிஷன் அலுவலகம் தரும் பணம்தான் உங்களுக்கான பெரிய வழி. இதில் பெரும்பாலும் விசாவைப் பார்ப்பதில்லை, ஆனாலும் ஒவ்வொரு இடத்திலும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். சில பல்கலைக்கழகங்கள் ஜி.பி.ஏ. ஒரு பக்கம், எஸ்.ஏ.டி. (கல்லூரிச் சேர்க்கைக்கான பொதுத் தேர்வு) மதிப்பெண் ஒரு பக்கம் என்று அட்டவணையே போட்டு, எந்தக் கட்டத்துக்கு எவ்வளவு என்று இணையதளத்தில் வெளியிடும். அந்தக் கட்டத்தில் வந்தால் தனி விண்ணப்பமே வேண்டாம். மற்ற இடங்களில் குழு உட்கார்ந்து கட்டுரை, பள்ளியில் எடுத்த பாடங்கள் எல்லாம் பார்த்துத் தீர்மானிக்கும். எதுவானாலும் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள்: நல்ல மாணவர்களைத் தங்கள் பக்கம் இழுக்கத்தான் இந்தப் பணம். எல்லோரும் முட்டி மோதும் முன்னணி வளாகத்துக்கு அந்தத் தேவை குறைவு. அங்கே ஒன்றும் தராத அதே மதிப்பெண்ணுக்கு, அடுத்த நிலை வளாகம் கட்டணத்தில் பாதியைக் கூடக் குறைக்கலாம். சேரும் மாணவர்களின் நடுப்பகுதி மதிப்பெண்ணைவிட மகள் தெளிவாக மேலே இருக்கும் இரண்டு மூன்று இடங்களாவது பட்டியலில் இருக்கட்டும்.

நம்மவர்கள் கவனிக்காமல் விடுவது ஊர் மார்க் ஷீட்டை. இங்கே பொதுவாக 90க்கு மேல் ஏ, 80க்கு மேல் பி, 70க்கு மேல் சி. நம் போர்டில் 78 என்பது மரியாதையான மதிப்பெண். பள்ளி கவுன்சிலர் அதை அப்படியே ஏற்றினால் டிரான்ஸ்கிரிப்டில் (பள்ளி தரும் மதிப்பெண் பதிவு) சி என்று உட்கார்ந்துவிடும். நான்கு வருட ஜி.பி.ஏ.யில் அது இழுத்த பள்ளத்தை 11ஆம் வகுப்பில் எத்தனை ஏ வாங்கினாலும் முழுதாக நிரப்ப முடியாது. 9, 10ஆம் வகுப்பு எப்படி ஏறியிருக்கிறது என்று இப்போதே டிரான்ஸ்கிரிப்டை வாங்கிப் பாருங்கள். ஊர் மதிப்பெண்ணை அப்படியே கிரேடாக மாற்றியிருந்தால், வெளிநாட்டுச் சான்றிதழ் மதிப்பீட்டு நிறுவனத்தின் பாடவாரி அறிக்கையை ஏற்பீர்களா, அல்லது அந்த வருடங்களுக்குக் கிரேடு போடாமல் கிரெடிட் (பாடத்தை முடித்ததற்கான அலகு) மட்டும் போடுவீர்களா என்று கவுன்சிலரிடம் கேளுங்கள். 12ஆம் வகுப்பு தொடங்கி விண்ணப்பம் போகும் நேரத்தில் கேட்டால் திருத்த ஆள் கிடைக்காது.

எஸ்.ஏ.டி. கட்டாயமில்லை என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். அது அட்மிஷனுக்குத்தான். ஸ்காலர்ஷிப்புக்கு மதிப்பெண் கேட்கும் இடங்கள் இன்னும் உண்டு. கலிஃபோர்னியாவின் யூ.சி., கால் ஸ்டேட் என்ற இரண்டு அரசுப் பல்கலைக்கழகக் குழுமங்களின் வளாகங்கள் சேர்க்கைக்கு அதைப் பார்ப்பதே இல்லை. மற்ற மாநிலங்கள் மனதில் இருந்தால் 11ஆம் வகுப்பின் வசந்தகாலத்தில் ஒருமுறை, 12ஆம் வகுப்பு தொடங்கும் ஆகஸ்டில் ஒருமுறை எழுதட்டும். அட்மிஷனுக்குக் கடைசி நாள் ஜனவரியோ பிப்ரவரியோ இருக்கலாம். ஸ்காலர்ஷிப்புக்கான நாள் பெரும்பாலும் நவம்பர் 1 அல்லது டிசம்பர் 1லேயே முடிந்துவிடும். சீட் கிடைத்தும் பணம் கிடைக்காத பல பிள்ளைகளுக்கு இதுதான் காரணம்.

அடுத்தது தொகை. வெளிமாநில மாணவருக்குக் கட்டணம் வருடம் 32,000 டாலர், ஸ்காலர்ஷிப் 10,000 என்று வைத்துக்கொள்வோம், மீதி 22,000. உள்ளூர் மாணவராக, அதாவது அந்த மாநிலத்தவராக, 12,000 கட்டினால் ஸ்காலர்ஷிப் இல்லாமலே 10,000 மிச்சம். ஆகவே முதலில் ரெசிடென்சி, அதாவது உள்ளூர் மாணவர் என்ற தகுதி. பொதுவாக வகுப்பு தொடங்குவதற்கு முன் 12 மாதம் அந்த மாநிலத்தில் குடியிருந்திருக்க வேண்டும். பல மாநிலங்கள் ஹெச்-4 பிள்ளைகளையும் உள்ளூர்க் கணக்கில் ஏற்கின்றன. வாடகை ஒப்பந்தம், மாநில வரித் தாக்கல், ஓட்டுநர் உரிமம் எல்லாவற்றையும் தேதியோடு பத்திரமாக வைத்திருங்கள். பிளஸ் டூ நடுவில் வேலை மாறி வேறு மாநிலம் போவது இந்தக் கணக்கையே கலைத்துவிடும். டெக்சாஸில் ஒரு தனி விதி உண்டு: உள்ளூர் மாணவர்களோடும் போட்டியிட்டுக் குறைந்தது 1,000 டாலர் ஸ்காலர்ஷிப் வென்ற வெளிமாநில, வெளிநாட்டு மாணவரிடம் உள்ளூர்க் கட்டணம் மட்டும் வாங்கப் பல்கலைக்கழகத்துக்கு அனுமதி உண்டு. இடங்களுக்கு உச்சவரம்பு இருப்பதால் எல்லோருக்கும் வந்துவிடாது, ஆனால் அங்கே 1,000 டாலர் கடிதத்தைச் சின்னது என்று ஒதுக்கக் கூடாது.

மகளுக்கு 21 வயது ஆனால் ஹெச்-4 முடிந்துவிடும், எஃப்-1 என்ற மாணவர் விசாவுக்கு மாற வேண்டியிருக்கும். எஃப்-1ல் பல மாநிலங்கள் உள்ளூர் தகுதி தருவதில்லை. மூன்றாம், நான்காம் வருடத்தில் இது வந்து நிற்கும். அப்போது கட்டணமும் ஸ்காலர்ஷிப்பும் என்ன ஆகும் என்று சேரும் முன்பே மின்னஞ்சலில் கேட்டு, பதிலைச் சேமித்து வையுங்கள்.

ஃபாஃப்ஸா படிவம் மத்திய அரசு உதவிக்கானது, ஹெச்-4க்கு அது கிடையாது. சில பல்கலைக்கழகங்கள் மெரிட்டுக்கும் அதை நிரப்பச் சொல்லும். அப்போது பல்கலைக்கழகத்தின் நிதி உதவி அலுவலகத்தில் விசா நிலையைச் சொல்லி, வேண்டுமா என்று கேளுங்கள். நிரப்பினால் குடியுரிமைக் கேள்வியில் தவறியும் அமெரிக்கக் குடிமகள் என்று குறித்துவிடாதீர்கள். பொய்யான குடியுரிமை உரிமைகோரல் பின்னால் க்ரீன் கார்டையே கெடுக்கும்.

கடிதம் வந்ததும் தொகைக்குக் கீழே இருக்கும் புதுப்பிப்பு நிபந்தனையைப் படியுங்கள். ஜி.பி.ஏ. 3.0, செமஸ்டருக்கு 12 கிரெடிட் என்பது பரவலான நிபந்தனை. சில இடத்தில் வருடத்துக்கு 30 கிரெடிட் முடித்திருக்க வேண்டும். செமஸ்டருக்கு 15 எடுத்து, கால்குலஸ் கஷ்டமென்று ஒன்றை நடுவில் விட்டால் 30 வராது. கோடை வகுப்பைக் கணக்கில் சேர்ப்பார்களா என்பது இடத்துக்கு இடம் மாறும். 2.97ஐ 3.0 என்று முழுமைப்படுத்த மாட்டார்கள். முதல் செமஸ்டரில் எல்லாக் கடினப் பாடத்தையும் ஒன்றாகப் போட வேண்டாம். வெளியில் வாங்கும் ஸ்காலர்ஷிப்பைச் சொன்னதும் பல்கலைக்கழகம் தன் தொகையைக் குறைக்குமா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

வரி பற்றி: கட்டணத்துக்கும் கட்டாயப் புத்தகங்களுக்கும் போன பணத்துக்கு வரி இல்லை. விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் போன பகுதிக்கு உண்டு.

முதல் வருடம் ஒன்றும் கிடைக்காவிட்டாலும் துறை நிதியை விடாதீர்கள். பல துறைகள் இரண்டாம் வருடத்திலிருந்து தங்கள் மாணவர்களுக்கு மட்டும் தருகின்றன. பேராசிரியர் குழுதான் முடிவு செய்கிறது, போட்டிக்கு வருபவர்களும் குறைவு. நன்கொடையாளர் நிதிகளையும் சேர்த்துப் பல்கலைக்கழகம் ஒரே பொது விண்ணப்பமாக வைத்திருக்கும். ஒவ்வொரு வருடமும் புதிதாக நிரப்ப வேண்டும். முதல் வருடம் நிரப்பியதே போதும் என்று விட்டால் அடுத்த வருடம் அவள் பெயர் அந்தக் குழுவின் முன் வராது.