மஞ்சள் குளிசைப் போத்தல் 8,500 ரூபா: வாங்கலாமா?

கேள்வி: அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய். ஒப்பரேஷனும் கீமோவும் முடிந்து இப்போது தமொக்சிபென் (புற்றுநோய் திரும்பாமல் தடுக்கக் கொடுக்கும் குளிசை) எடுக்கிறா. தெரிந்தவர் ஒருவரிடம் மஞ்சள்சாறும் மிளகுச்சாறும் சேர்ந்த குளிசைப் போத்தல் ஒன்றை 8,500 ரூபாவுக்கு வாங்கினோம். 'புற்றுநோய்க் கலங்களை அழிப்பது ஆய்வுகூடத்தில் நிரூபிக்கப்பட்டது' என்று லேபிளில் இருக்கிறது. இன்னும் மூன்று எடுத்தால் விலை குறைப்பாராம். எடுக்கலாமா?
– வாசகி, உப்புவெளி

பதில்: எடுக்க வேண்டாம். வாங்கிய போத்தலையும் அக்காவுக்குக் கொடுக்காதீர்கள்.

லேபிளில் இருப்பது முழுப் பொய் இல்லை, சிக்கலே அதுதான். மஞ்சளில் உள்ள குர்குமின், கண்ணாடித் தட்டில் வளர்த்த புற்றுநோய்க் கலங்களைக் கொல்வது பல ஆய்வுகளில் கண்டதுதான். தட்டில் அதை நேரே கலத்தின் மேலேயே விடுகிறார்கள். விழுங்கினாலோ குடல் உறிஞ்சுவது கொஞ்சம், அதையும் ஈரல் சுறுக்காக மாற்றி வெளியே தள்ளிவிடும். அதனால்தான் மிளகுச்சாறு சேர்க்கிறார்கள். மிளகின் பைப்பரின், குர்குமின் உறிஞ்சப்படுவதை 20 மடங்கு கூட்டியதாக 1998 இல் வந்த ஆய்வு ஒன்று சொன்னது. விற்பவர்கள் அதைப் பெருமையாகச் சொல்வார்கள். ஆனால் அதே பைப்பரின், ஈரல் மற்ற மருந்துகளைக் கையாளும் விதத்தையும் மாற்றும். 2019 இல் நெதர்லாந்தில் தமொக்சிபென் எடுக்கும் மார்பகப் புற்றுநோயாளிகளுக்குக் குர்குமினைப் பைப்பரினோடு கொடுத்துப் பார்த்தார்கள். இரத்தத்தில் தமொக்சிபெனின் அளவும், உடலில் வேலை செய்யும் அதன் வடிவமான எண்டொக்சிபெனின் அளவும் குறைந்தன. உங்கள் அக்கா எடுப்பதும் அதே மருந்து.

'இயற்கைதானே, என்ன கெடுதல்?' என்பார்கள். கரட்டுக்கு நிறம் தரும் பீட்டா கரோட்டினைப் பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்களுக்குக் குளிசையாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 29,000 பேருக்கு மேல் பங்கெடுத்த ஆய்வு அது. 1994 இல் முடிவு வந்தபோது, அதை எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது.

செடியிலிருந்து மருந்து வராமலும் இல்லை. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் ஏற்றுகிற வின்கிறிஸ்டின் நித்தியகல்யாணியிலிருந்து வந்தது. பிரித்தெடுத்து, மனிதரில் சோதித்து, மில்லிகிராம் கணக்கில் அளந்து ஊசியாகப் போடுகிறார்கள். (முற்றத்து நித்தியகல்யாணியை அவித்துக் குடிக்கப் போகாதீர்கள். அது நஞ்சு.)

கறிக்குப் போடும் மஞ்சளை நிறுத்தத் தேவையில்லை. அதில் குர்குமின் நூற்றுக்கு மூன்று பங்கு அளவுதான்.

இனிக் காசு. பற்றுச்சீட்டு இருக்கிறதா? கேட்டால் கொடுக்க வேண்டியது விற்பவரின் கடமை. தெரிந்தவர் என்று கூச்சப்படாதீர்கள். உற்பத்தியாளரின் பெயர், விலாசம், திகதிகள் தெரியும்படி லேபிளைப் போனில் படம் எடுங்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு, வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். விபரம் கேட்க 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழையுங்கள். உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் (பி.எச்.ஐ.) காட்டலாம். அக்கா ஏற்கெனவே சில குளிசைகள் விழுங்கியிருந்தால் அடுத்த கிளினிக் திகதி வரை காத்திராமல் போத்தலோடு போய் வைத்தியரிடம் சொல்லுங்கள். தமொக்சிபெனை மட்டும் நீங்களாக நிறுத்த வேண்டாம்.