கார்கோ வேன் வாங்கலாமா: என் பதில்

அமெரிக்காவின் கார் ஆலை நகரமான டெட்ராய்ட் பக்கம் அவசரச் சரக்கு ஓட்ட, தவணையில் புது ஃபோர்டு டிரான்சிட் வேன் எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம் நண்பரே. 2021இல் லோடுக்குக் கிடைத்த சரக்கு வாடகையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், 2022லேயே அது இறங்கிவிட்டது. சரக்கோடு சேர்த்து 10,001 பவுண்டுக்குக் குறைந்த வண்டிக்குப் பொதுவாக சிடிஎல்லும் (கனரக வண்டி லைசென்ஸ்) வேண்டாம், ஓட்டிய நேரத்தைக் குறிக்கும் லாக்புக்கும் வேண்டாம் என்பதால் ஆளாளுக்கு வேன் வாங்கிவிட்டார்கள். பாகம் வராமல் கார் ஆலையில் உற்பத்தி லைன் நிற்கும் நிலை வந்தால்தான் நமக்குச் சோறு!

மெக்சிகோ எல்லையில் இருக்கும் லரேடோவில் சரக்கை இறக்கிவிட்டு, அடுத்த லோடுக்காக இரண்டு நாள் வேனுக்குள்ளேயே படுத்துக் கிடந்திருக்கிறேன். லோடோடு ஓடும் மைலுக்கு ஒரு டாலர் என்று வையுங்கள். 400 மைல் லோடு, அடுத்த லோடுக்கு 250 மைல் காலி என்றால், ஓடிய மொத்த மைலுக்குச் சுமார் 62 சென்ட்தான். பெட்ரோல், டயர், இன்சூரன்ஸ் எல்லாம் அதற்குள்தான். தவணை கட்டுகிறவன் மலிவு லோடையும் எடுத்தே ஆகணும். கடனில்லாத பழைய வேன் கிடைத்தால் சொல்லுங்கள், பேசலாம்.